“எனக்குப் பணம் வந்துச்சே!” – வளைகுடா முதலீட்டு மோசடிகளின் நாற்பது ஆண்டுக் கதை

புஜைராவிலோ கல்பாவிலோ வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாக்கியத்தை எப்போதாவது கேட்டிருப்போம். விடுமுறை நாள் மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். பெரியவர்கள் காலை நீட்டி உட்கார்ந்து நிலம், வீட்டுக்கடன், தங்கம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது யாராவது ஒரு மாமா ஃபோனை எடுத்து ஒரு வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டுவார். “நானும் முதல்ல நம்பலப்பா. ஆனா எனக்குப் பணம் வந்துச்சே!”

அதோடு வாதம் முடிந்துவிடும். அவர் நம் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஆளாக வருபவர், அவசரத்துக்குக் கைமாற்று கொடுத்தவர். அவர் பொய் சொல்ல மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பொய் சொல்லவும் இல்லை. பணம் உண்மையாகவே வந்திருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் வரலாறு. வளைகுடாவிலும் தமிழ்நாட்டிலும் கடந்த நாற்பது ஆண்டுகளில் மக்கள் பணத்தை இழந்த பெரிய கதைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், விற்ற பொருள் ஒவ்வொன்றிலும் வேறு: பங்கு, டாலர், தங்கம், கிரிப்டோ. நம்ப வைத்த சாட்சி மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ‘எனக்கு வந்தது.’ அந்தச் சாட்சி எப்படித் தயாரிக்கப்படுகிறது என்று புரிந்துவிட்டால், அடுத்த முறை புதுப் பெயரில் வரும்போதும் அடையாளம் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

1920-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்ஸி என்பவர், 45 நாளில் 50 விழுக்காடு லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார். நாடுகளுக்கிடையே செல்லும் தபால் கூப்பன்களை ஓரிடத்தில் மலிவாக வாங்கி இன்னோரிடத்தில் விற்கிறேன் என்பது அவர் சொன்ன காரணம். உண்மையில் புதிதாக வந்தவர்களின் பணத்தைத்தான் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கைதானார். இந்த வகை மோசடிக்கு இன்றும் அவர் பெயர்தான்.

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். பத்துப் பேர் ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் போடுகிறார்கள். பெட்டியில் 10 லட்சம். மாதம் 25 விழுக்காடு வட்டி என்று வாக்கு. அதாவது மாதம் 2.5 லட்சம் வெளியே போக வேண்டும். எந்த வியாபாரமும் செய்யாமல், எந்தப் பங்கையும் வாங்காமல், அந்தப் பெட்டியிலிருந்தே எத்தனை மாதம் கொடுக்கலாம்? சரியாக நான்கு மாதம்.

நான்கு மாதமும் பத்துப் பேருக்கும் ஆளுக்கு 25,000 ரூபாய் தேதி தவறாமல் வரும். நான்காவது மாத முடிவில் ஒவ்வொருவர் கையிலும் 1 லட்சம் இருக்கும், பெட்டி காலியாக இருக்கும். ‘வட்டி’ என்ற பெயரில் வந்தது அவர்களுடைய முதல்தான். ஆனால் அந்த நான்கு மாதத்தில் பத்துப் பேரும் மனதாரச் சொல்வார்கள்: “எனக்கு வந்துச்சே!” அதை நம்பி நாற்பது பேர் சேர்வார்கள். ஐந்தாவது மாத வட்டி அந்த நாற்பது பேரின் பணத்திலிருந்து வரும்.

ஆக, உங்கள் கைக்குப் பணம் வந்தது என்பது அந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்பதற்கு ஆதாரம் ஆகாது. கொடுக்காத போன்ஸித் திட்டம் என்று ஒன்று இல்லவே இல்லை. முதலில் கொடுப்பதுதான் அதன் எந்திரமே. இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போவோம்.

குவைத், 1982: ஒட்டகம் மண்டியிட்ட இடம்

வளைகுடாவின் மிகப் பெரிய பணச் சரிவுகளில் ஒன்று நம் பெற்றோர் விமானம் ஏறிய காலத்தில் குவைத்தில் நடந்தது. 1977-இல் அந்நாட்டின் அதிகாரபூர்வப் பங்குச்சந்தை ஒருமுறை விழுந்தது. அரசு தலையிட்டு நஷ்டப்பட்டவர்களைக் கைதூக்கி விட்டது, கூடவே விதிகளையும் இறுக்கியது. இறுக்கம் பிடிக்காதவர்கள் அதிகாரபூர்வமற்ற இன்னொரு சந்தையில் கூடினார்கள். அதன் பெயர் சூக் அல்-மனாக். மனாக் என்றால் ஒட்டகங்களை மண்டியிட வைக்கும் இடம். ஒரு காலத்தில் ஒட்டக வியாபாரம் நடந்த இடத்தில் இப்போது பங்குப் பத்திரங்கள் கைமாறின.

அங்கே விற்ற பங்குகளில் பெரும்பாலானவை பஹ்ரைனிலும் அமீரகத்திலும் பதிவு செய்யப்பட்ட கம்பெனிகளுடையவை. குவைத்தின் விதிகள் அவற்றைத் தொடாது. பல கம்பெனிகளுக்குக் காகிதத்தைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இல்லை. வாங்குபவர்கள் ரொக்கம் கொடுக்கவில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் தள்ளித் தேதி போட்ட காசோலையைக் கொடுத்தார்கள். தேதி வருவதற்குள் பங்கின் விலை ஏறிவிடும், விற்றுக் கட்டிவிடலாம் என்பது நம்பிக்கை. விலை ஏறிக்கொண்டே இருந்ததால் ஓரிரு வருடம் அந்த நம்பிக்கை பலித்தது. கடவுச்சீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த ஓர் இளைஞர் எழுதிய காசோலைகளின் மதிப்பு மட்டுமே 1,000 கோடி டாலரைத் தாண்டியது.

காசோலையில் என்ன தேதி இருந்தாலும் உடனே வங்கியில் கொடுத்துப் பணம் கேட்க அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. யாரும் கேட்பதில்லை என்பது சந்தையின் மரபு. 1982 ஆகஸ்டில் மரபு உடைந்தது. காசோலைகள் வங்கிக்குப் போயின, திரும்பி வந்தன. அரசு எல்லாக் காசோலைகளையும் கொண்டுவரச் சொல்லிக் கூட்டிப் பார்த்தது. சுமார் 6,000 பேர், ஏறக்குறைய 29,000 காசோலைகள், மொத்தம் 9,400 கோடி டாலர் அளவுக்கு வந்தது. நாட்டின் ஓராண்டு உற்பத்தியைவிடச் சில மடங்கு அதிகம். நேஷனல் பாங்க் ஆஃப் குவைத் ஒன்றைத் தவிர மற்ற வணிக வங்கிகள் எல்லாம் மத்திய வங்கியின் தாங்கலில்தான் நின்றன.

இதை ஒரு தனி ஆள் செய்த மோசடி என்று சொல்ல முடியாது. ஊரே சேர்ந்து ஊதிய பலூன் அது. ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றின் மூன்று அடையாளங்களும் அங்கே இருக்கின்றன: கட்டுப்பாட்டுக்கு வெளியே ஒரு சந்தை, வேறு நாட்டில் பதிவான கம்பெனி, கையில் எடுக்கும்வரை வெறும் எண்ணாக இருக்கும் லாபம். இன்று ஒரு செயலியின் திரையில் பச்சை நிறத்தில் ஏறும் எண்ணுக்கும் அன்றைய காசோலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சூக் அல்-மனாக் குவைத்திகளின் ஆட்டம். சம்பளத்துக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அதில் இடம் இல்லை. நம்மைத் தேடி வந்த ஆட்டம் ஊரில் தொடங்கியது.

திருப்பூர், 2008: டாலர் தெரிந்த ஊர்

1990-களில் தமிழ்நாடு முழுவதும் நிதி நிறுவனங்கள் முளைத்து, கூட்டமாக மூடின. அதன் விளைவாக வந்ததுதான் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம். ஓர் ஆண்டு கழித்து, தேக்கு மரம் வளர்த்துப் பங்கு தருகிறோம் என்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் சரிந்தது. சட்டம் வந்ததால் ஏமாற்று நின்றுவிடவில்லை, சட்டை மாற்றிக்கொண்டது.

2008-இல் திருப்பூரில் பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங் என்ற நிறுவனம் தொடங்கியது. இணையம் வழியாக அந்நியச் செலாவணி வியாபாரம் செய்து லாபம் தருகிறோம் என்றது. ஏன் திருப்பூர்? பனியன் ஏற்றுமதி செய்யும் ஊர் அது. டாலர் விலை ஏறியதா இறங்கியதா என்பது அங்கே டீக்கடைப் பேச்சு. டாலரில் காசு பார்க்கலாம் என்று அந்த ஊரில் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். மோசடி எப்போதும் அந்தந்த ஊருக்குத் தெரிந்த மொழியில்தான் பேசும். நம்மிடம் வரும்போது திர்ஹம், தங்கம், துபாய் ரியல் எஸ்டேட் என்று பேசும்.

ஓராண்டுக்கு மேல் அந்தக் கம்பெனி தாக்குப்பிடிக்கவில்லை. 2009-இல் கொடுப்பது நின்றது. வழக்கு மாநிலக் காவல்துறையிலிருந்து சி.பி.ஐ.க்குப் போனது. திரட்டிய தொகை 930 கோடி ரூபாய் என்றது வழக்கு. கோவை சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில். இரண்டு இயக்குநர்களுக்குத் தலா 27 ஆண்டு சிறை, சுமார் 171 கோடி ரூபாய் அபராதம்.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏமாந்த நாளிலிருந்து தீர்ப்பு வர 13 ஆண்டு. அபராதம் முழுவதும் வசூலானாலும் போன பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ‘போலீஸ்ல சொன்னா வாங்கிடலாம்’ என்ற தைரியத்தில் யாராவது பணம் போட நினைத்தால், அவர்களுக்குச் சொல்ல இந்த ஒரு வழக்கு போதும்.

துபாய், 2016: 500 ஆண்டு தண்டனை

அடுத்த கதை நம் வாசலிலேயே நடந்தது. துபாயில் இயங்கிய எக்ஸென்ஷியல் குழுமம் கொடுத்த வாக்கு இது: 25,000 டாலர் போடுங்கள், அந்நியச் செலாவணி வியாபாரத்தில் ஆண்டுக்கு 120 விழுக்காடு லாபம். நல்ல அலுவலகம் இருந்தது. குழுமத்தோடு தொடர்புடைய நிறுவனம் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தில் கோவா அணிக்கு விளம்பரதாரராகவும் இருந்தது. கால்பந்துச் சட்டையில் பெயர் போடுகிற கம்பெனி ஓடிப்போகுமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

இங்கேயும் முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது. அவர்கள் தங்கள் அலுவலகத்திலும் அடுக்குமாடியிலும் சொன்னார்கள். பலர் கையில் 25,000 டாலர் இல்லை. ஆனால் வளைகுடாவில் சம்பளச் சான்று இருந்தால் வங்கி தனிநபர் கடன் கொடுக்கும், கிரெடிட் கார்டும் கொடுக்கும். கடன் வாங்கிப் போட்டார்கள். கடனுக்கு வட்டி சில விழுக்காடு, லாபமோ 120 விழுக்காடு, பிறகு என்ன கவலை?

2016 ஜூலையில் துபாய்ப் பொருளாதாரத் துறை நிறுவனத்தை மூடியது. ஆயிரக்கணக்கானவர்களின் சுமார் 20 கோடி டாலர் சிக்கிக்கொண்டது. 2018 ஏப்ரலில் துபாய் நீதிமன்றம், நூற்றுக்கணக்கான புகார்களுக்குத் தனித்தனியாகத் தண்டனை போட்டு, முக்கியக் குற்றவாளிகள் இருவருக்குத் தலா 500 ஆண்டுக்கு மேல் சிறை விதித்தது. உலகம் முழுவதும் செய்தியான தீர்ப்பு.

ஆனால் கடன் வாங்கியவரின் நிலைமை செய்தியாகவில்லை. கம்பெனி மூடினாலும் வங்கித் தவணை மூடாது. அந்தக் காலத்தில் அமீரகத்தில் காசோலை திரும்பினாலே குற்ற வழக்கு. வங்கியிடம் பாதுகாப்புக் காசோலை கொடுத்துவிட்டுக் கடன் வாங்கியவர் தவணை தவறினால் பயணத் தடை, சிறை என்று போகக்கூடும். 2022 ஜனவரியில்தான் அந்தச் சட்டம் பெருமளவு தளர்ந்தது. ஊரில் ஏமாந்தவர் சேமிப்பை இழந்தார். இங்கே கடன் வாங்கி ஏமாந்தவர், தான் இன்னும் சம்பாதிக்காத ஐந்து வருடச் சம்பளத்தை இழந்தார். ஊருக்குப் போகும் வழியும் அடைபட்டது. வளைகுடாவில் முதலீட்டு மோசடி வேறு அளவில் வலிப்பதற்கு இதுதான் காரணம்.

ஆரணியிலிருந்து அமீரகம்வரை

2020 செப்டம்பர் தொடங்கி 2022 மே வரை தமிழ்நாட்டில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் என்ற பெயர் வட மாவட்டங்களில் வீடு வீடாகப் போனது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வட்டி என்ற வாக்கு. நாம் மேலே போட்ட கணக்கில் இருந்த அதே விழுக்காடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. தலைமை சென்னையில், கிளைகள் ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம் போன்ற ஊர்களில். அதே காலத்தில் வேலூர் ஐ.எஃப்.எஸ்., சென்னை ஹிஜாவு என்று இன்னும் ஆயிரக்கணக்கான கோடிகள் போயின.

25 விழுக்காடு என்பது எவ்வளவு பெரிய பொய் என்று பாருங்கள். மாதம் 25 விழுக்காடு லாபம் உண்மையாகவே எடுக்கத் தெரிந்த ஒருவர் 1 லட்சத்தை எடுக்காமல் சுழற்றினால், ஒரு வருடத்தில் அது சுமார் 14.5 லட்சம் ஆகும். இரண்டே வருடத்தில் 2 கோடியைத் தாண்டும். அந்த வித்தை தெரிந்தவர் ஆரணியில் கிளை திறந்து நம் அத்தையிடம் ஒரு லட்சம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய தேவை என்ன?

இந்தக் கதையின் கடைசிப் பக்கம் நம் பக்கம் திரும்பியது. தேடப்பட்ட முக்கிய இயக்குநர் வெளிநாடு போய்விட்டார். அவர் அமீரகத்தில் பிடிபட்டதாகத் தமிழ்நாட்டுக் காவல்துறை 2023 டிசம்பரில் தெரிவித்தது. ஊரில் பணம் போட்டவர்களில் பலருடைய சேமிப்பு, வெளிநாட்டில் உழைத்த ஒருவர் மாதாமாதம் அனுப்பியதாக இருந்திருக்கும். பணம் போன வழியில் ஆளும் வந்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த வழக்கில் இயக்குநர்களோடு ஏஜென்ட்களும் கைதானார்கள். சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கியவர்களுக்கு, தாங்களும் ஏமாந்தவர்கள் என்ற பதில் போதவில்லை. இலங்கை வாசகர்களுக்கும் இது புதிதல்ல. 2008-இல் கோல்டன் கீ சரிந்தபோது அதிக வட்டியை நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீதிக்கு வந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஏன் நம்மிடம் இவ்வளவு எளிதாக ஓடுகிறது?

பேராசை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் பெற்றோரின் தலைமுறை வளைகுடாவில் நம்பிக்கையை வைத்துத்தான் பிழைத்தது. அறையில் இருந்த இருபது பேர் மாதம் 500 திர்ஹம் போட்டுச் சீட்டு நடத்தினார்கள். மாதம் ஒருவருக்கு 10,000 திர்ஹம் மொத்தமாகக் கிடைக்கும். அக்காவின் கல்யாணம், வீட்டின் மேல்தளம் எல்லாம் அப்படி நடந்தவை. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. ஊர்க்காரன் என்ற ஒரே பிணை.

போன்ஸி வரும்போது அந்தச் சீட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. அதே ஊர்க்காரர், அதே அறை, அதே மாதாந்தரப் பணம். ஆனால் சீட்டில் இருபது பேர் போட்டதை இருபது பேர்தான் எடுக்கிறார்கள். கூடுதலாகப் பணம் எங்கிருந்தும் முளைப்பதில்லை, இருபது மாதத்தில் முடிந்தும்விடும். சீட்டிலும் யாராவது எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனாலும் அதன் கணக்கு எல்லாருக்கும் தெரியும். போன்ஸியில் கணக்கு யாருக்கும் தெரியாது. ஆளை நம்புகிறோம், கணக்கைக் கேட்பதில்லை. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் தலைமுறையின் வேலை.

புஜைராவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே நம்மவர்கள் துறைமுகத்தில், எண்ணெய்க் கிடங்குகளில், கடைகளில் வேலை பார்க்கிறார்கள். ‘துபாய் ஆபீஸ்’ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போய்ப் பார்த்தவர் ஒருவர், அவர் சொன்னதைக் கேட்டவர்கள் முப்பது பேர். போய்ப் பார்த்தவரும் பார்த்தது ஒரு வரவேற்பு மேசையைத்தான். 2025 மே மாதம் துபாய் பிசினஸ் பேயில் கல்ஃப் ஃபர்ஸ்ட் கமர்ஷியல் புரோக்கர்ஸ் என்ற நிறுவனத்தின் அலுவலகம் ஒரே இரவில் காலியானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஃபோன் செய்து செய்து முதலீட்டாளர்களைப் பிடித்த நிறுவனம் அது. தேடிப் போனவர்களுக்குக் கிடைத்தது வெற்று அறை. அலுவலகம் இருப்பதும் ஆதாரம் இல்லை.

இப்போது ஃபோனுக்குள்

இதுவரை வந்தவர்கள் மாமாவைத் தேடினார்கள். இப்போது உங்களைத் தேடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘பார்ட் டைம் வேலை’ என்று வரும். வீடியோவுக்கு லைக் போடு, ஹோட்டலுக்கு மதிப்பெண் கொடு. முதல் நாளே சின்னத் தொகை உண்மையாகவே வரும். அந்தச் சில திர்ஹம்தான் உங்கள் ‘எனக்கு வந்துச்சே’. பிறகு டெலிகிராம் குழு. அங்கே நூறு பேர் லாபத்தின் ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அந்த நூறு பேரில் நிஜமாக ஏமாறப் போகிறவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். பிறகு வியாபாரச் செயலி. எண் ஏறும். எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு என்பார்கள். கட்டினால் இன்னொரு கட்டணம்.

முன்பு மாமா என்ற சாட்சி நிஜ மனிதர். இப்போது சாட்சிகளையே தயாரித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் முதல் தொகையும் சேர்த்துத்தான்.

மறுமுனையில் தட்டச்சு செய்கிறவர் யார் என்பதும் வரலாற்றின் ஒரு பக்கம். 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று துபாயிலும் இந்தியாவிலும் உள்ள ஏஜென்ட்கள் இளைஞர்களை ஏமாற்றி, எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய், கால் சென்டர் மோசடியிலும் கிரிப்டோ மோசடியிலும் ஈடுபடுத்துகிறார்கள் என்றது. அடுத்த மாதம் மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் சென்னை வந்து இறங்கினார்கள். பட்டம் முடித்த, நம் வயதுப் பையன்கள். இந்த வலையில் ஏமாறுகிறவரும் நாம், ஏமாற்ற நிர்ப்பந்திக்கப்படுகிறவரும் நாமாக இருக்கலாம்.

இதன் இன்னொரு கிளை உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்பது. “ஒரு தொகை வரும், உன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடு.” வருவது ஏமாந்த யாரோ ஒருவரின் பணம். தடம் தேடிக் காவல்துறை வரும்போது முதலில் கிடைப்பது உங்கள் எமிரேட்ஸ் ஐடி. பெற்றோரின் விசாவில் இருக்கும் ஒருவருக்கு அது குடும்பத்தையே அசைக்கும்.

வரலாறு சொல்லித்தரும் கேள்விகள்

இனி யாராவது “எனக்கு வந்துச்சே” என்றால் சண்டை போட வேண்டாம். “ரொம்ப நல்லது மாமா” என்று சொல்லிவிட்டு இவற்றைக் கேளுங்கள்.

*உரிமம் எதற்கு?* அமீரகத்தில் வணிக உரிமம் வேறு, மக்களிடம் முதலீடு வாங்கும் உரிமம் வேறு. சுதந்திர வணிக வலயத்தில் ‘ஆலோசனை’ என்று பதிவு செய்த கம்பெனி உங்கள் பணத்தைப் பங்கில் போட முடியாது. அந்த உரிமத்தைக் கூட்டாட்சியின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் தர வேண்டும். துபாய், அபுதாபி நிதி மையங்களுக்குள் என்றால் அந்தந்த மையத்தின் ஆணையமும், துபாயில் கிரிப்டோ என்றால் 2022-இல் அமைந்த வாராவும் தர வேண்டும். இவர்களின் இணையதளத்தில் பெயரைத் தேடலாம். கம்பெனி அனுப்பும் சான்றிதழ்ப் படத்தையும் சுட்டியையும் நம்பாமல் நீங்களே தளத்தைத் திறந்து தேடுங்கள். எங்கோ ஒரு தீவு நாட்டில் பதிவு என்றால் 1982-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

*ஊரில் இருப்பவர் பெயரில் என்றால்?* இந்தியாவில் வசிப்பவர் வெளிநாட்டு இணையத் தளங்களில் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்வதற்குச் சட்டம் இடம் தரவில்லை. அப்படிப்பட்ட தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிடுகிறது. அதில் பெயர் இல்லை என்பதற்காக நல்ல தளம் என்று அர்த்தம் இல்லை.

*பணம் யார் கணக்குக்குப் போகிறது?* தனிநபர் கணக்கு, வாரத்துக்கு ஒரு புதுக் கணக்கு, கிரிப்டோ முகவரி, ரொக்கம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

*லாபம் நிச்சயமா?* நிஜச் சந்தையில் ஏற்றமும் இறக்கமும் உண்டு. மாதாமாதம் ஒரே அளவு லாபம் என்று எழுதிக் கொடுப்பவர் சந்தையில் இல்லை.

*நான் சேர்ந்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?* இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். ஆள் சேர்ப்பதற்குக் கமிஷன் இருந்தால், வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கும் அதுவே பதில்.

*முழு முதலையும் இன்றே எடுக்க முடியுமா?* கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. கொஞ்சம் கொடுப்பது அவர்களின் தொழில். முழுவதையும் கேட்கும்போதுதான் முகம் தெரியும்.

இன்ஸ்டாகிராமில் வாங்கு, விற்று என்று சொல்லும் ஆட்களுக்கும் இதே அளவுகோல்தான். அமீரகத்தில் முதலீட்டு ஆலோசனை சொல்லும் சமூக ஊடகப் பிரபலங்களுக்கு 2025-இல் தனி உரிமம் வந்துவிட்டது. உரிமம் இல்லாத கிரிப்டோவை இணையத்தில் விளம்பரப்படுத்துவது 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி குற்றம். நீங்கள் ஒரு ‘ரெஃபரல் லிங்க்’ பகிர்வதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால்

முதல் வேலை, இன்னும் பணம் போவதை நிறுத்துவது. ‘இன்னும் இவ்வளவு கட்டினால் எல்லாம் வரும்’ என்பது மோசடியின் கடைசிப் படி. இரண்டாவது, எதையும் அழிக்காமல் செய்திகள், ரசீதுகள், கணக்கு எண்களைச் சேமிப்பது. மூன்றாவது, வங்கிக்கும் காவல்துறைக்கும் அன்றே சொல்வது. துபாய் என்றால் காவல்துறையின் இணையக் குற்றப் புகார் தளம், புஜைரா என்றால் காவல் நிலையம் அல்லது உள்துறை அமைச்சகத்தின் செயலி. இந்தியக் கணக்கிலிருந்து போயிருந்தால் 1930 என்ற உதவி எண். தமிழ்நாட்டுக் கம்பெனி என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு. மணிக்கணக்கில் முந்தினால் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. மாதக்கணக்கில் பொறுத்தால் பாசி வழக்கின் 13 ஆண்டு காத்திருக்கிறது. ‘பணத்தை மீட்டுத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்டு வருபவர்களையும் சேர்க்காதீர்கள். அவர்கள் இரண்டாவது அலை.

நான்காவது வேலை உங்களுடையது. ஏமாந்தவர் வீட்டில் யாரிடமும் சொல்ல மாட்டார். தான் சேர்த்துவிட்ட நண்பர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் இருப்பார். சத்தம் போட்டால் இன்னும் மறைப்பார், மறைக்க இன்னொரு கடன் வாங்குவார். குவைத்திலிருந்து ஆரணிவரை இழந்தவர்களில் பெரும்பாலோர் முட்டாள்கள் அல்லர். நம்பத்தகுந்த ஒருவர் உண்மையாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பியவர்கள். அவர் சொன்னது உண்மை, அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவுதான் தவறு.

பெற்றோருக்குத் தமிழில் நம்பிக்கை இருக்கிறது. நமக்கு ஆங்கிலத்திலும் அரபியிலும் எழுதியிருக்கும் விதிகளைப் படிக்கத் தெரிகிறது, உரிமப் பட்டியலைத் தேடத் தெரிகிறது. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. இந்த வாரம் வீட்டில் ஒரு பேனாவும் தாளும் எடுத்து அந்தப் பத்துப் பேர், நான்கு மாதக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். ஒரு கிராஜுவிட்டியைக் காப்பாற்ற அது போதும்.